பிரேக் ஆயில்: எதை வாங்குவது, எப்போது மாற்றுவது, எப்படி ஏர் எடுப்பது

பிரேக் ஆயில் என்று எல்லோரும் சொல்கிறோம், இந்தக் கட்டுரையிலும் அப்படித்தான் சொல்லப்போகிறேன், ஆனால் அது ஆயில் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம் இருக்கிறது. பெயரை நம்பி, வீட்டில் மீதமிருந்த இன்ஜின் ஆயிலை, பானட்டுக்குள் பிரேக் ஆயில் இருக்கும் டப்பாவில் ஊற்றி, லெவல் சரியாக வந்துவிட்டது என்று மூடிவைத்த ஒருவரை எனக்குத் தெரியும். சில நாட்களிலேயே பெடல் சரியாகத் திரும்பவில்லை, சக்கரம் பிரேக் பிடித்தபடியே இருந்தது. திறந்து பார்த்தால், பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நான்கு சக்கரம் வரைக்கும் ரப்பர் சீல்கள் எல்லாம் ஊறி உப்பிப்போயிருந்தன. ஒன்று விடாமல் மாற்ற வேண்டியதாயிற்று.

பெரும்பாலான கார்களில் ஓடுவது கிளைக்கால் ஈதர் வகைத் திரவம். பிரேக்கில் இருக்கும் ரப்பர் அந்தத் திரவத்துக்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்டது, எண்ணெய் பட்டால் அது தாங்காது. கொஞ்சம் பட்டாலே போதும். அதனால் இன்ஜின் ஆயில், பவர் ஸ்டியரிங் ஆயில், கிரீஸ் பட்ட புனல் இவை எதுவும் பிரேக் டப்பா பக்கம் வரக்கூடாது. ஆரம்ப காலத்து பிரேக் திரவங்களில் ஆமணக்கு எண்ணெயும் ஆல்கஹாலும் கலந்திருந்தன, ‘ஆயில்’ என்ற பெயர் அங்கிருந்து ஒட்டிக்கொண்டதோ என்னவோ.

டப்பாவில் யாரோ எண்ணெய் ஊற்றிவிட்டார்களோ என்று சந்தேகம் வந்தால் ஒரு சின்னச் சோதனை போதும். சிரிஞ்சால் கொஞ்சம் எடுத்து, ஒரு பழைய கண்ணாடிப் பாத்திரத்தில் இருக்கும் தண்ணீரில் சில சொட்டு விடுங்கள். பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்து காணாமல் போய்விடும். எண்ணெய் இருந்தால் மேலே படலமாக மிதக்கும். மிதந்தால் வண்டியை எடுக்காதீர்கள், பெடலையும் அழுத்திப் பார்க்காதீர்கள், அழுத்த அழுத்த அது இன்னும் உள்ளே போகும்.

தண்ணீர்தான் பிரச்சினை

தண்ணீரோடு கலக்கும் அந்த குணம்தான் இதன் பலவீனமும். உப்பு ஈரத்தை இழுப்பதைப் போல பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மூடியைத் திறக்காமலே வைத்திருந்தாலும் விடாது, ஏனென்றால் மூடியில் காற்று போக வர ஒரு வழி இருக்கும், சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸ் வழியாகவும் ஈரம் மெதுவாக ஊடுருவும். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இது நடக்கும். "வண்டி பத்தாயிரம் கிலோமீட்டர்கூட ஓடல, அப்புறம் எதுக்கு மாத்தணும்" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். இது கிலோமீட்டர் கணக்கு இல்லை, காலண்டர் கணக்கு.

ஈரம் ஏறினால் என்ன ஆகும்? இரண்டு விஷயம். ஒன்று உள்ளே துரு. குழாய்கள், சிலிண்டர், சக்கரத்தில் பேடை அழுத்தும் கேலிப்பரின் பிஸ்டன், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் விலை அதிகமான ஏபிஎஸ் யூனிட்டின் நுண்ணிய வால்வுகள் எல்லாம் மெதுவாகக் கெடும். புதிய ஆயிலில் துருவைத் தடுக்கும் சேர்மானங்கள் இருக்கும், அவையும் வருடங்கள் போகப்போகத் தீர்ந்துவிடும். இரண்டாவதுதான் ஆளைக் கவிழ்ப்பது: கொதிநிலை இறங்கிவிடும்.

பெடலை அழுத்தும்போது திரவம் அமுங்காது என்ற ஒரே நம்பிக்கையில்தான் முழு பிரேக்கும் வேலை செய்கிறது. பலமாக மிதித்தால் குழாய்க்குள் 100 பார் அளவுக்குக்கூட அழுத்தம் ஏறும், டயரில் நாம் அடிக்கும் காற்று இரண்டு பாரும் கொஞ்சமும்தான். இப்போது நீண்ட இறக்கம் ஒன்றில் பிரேக்கை மிதித்தபடியே இறங்குகிறீர்கள் என்று வையுங்கள். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் பல நூறு டிகிரிக்குச் சூடாகும், அந்தச் சூடு அதைப் பிடிக்கும் பேட் வழியாக பிஸ்டனுக்கும், பிஸ்டன் வழியாகக் கேலிப்பருக்குள் இருக்கும் ஆயிலுக்கும் வரும். ஈரம் ஏறிய ஆயில் அங்கே கொதித்து ஆவிக் குமிழ் உண்டாகும். ஆவி அமுங்கும். நீங்கள் மிதிப்பதெல்லாம் அந்தக் குமிழை அமுக்குவதிலேயே போய்விடும், பேட் வரைக்கும் போய்ச் சேராது. பெடல் தரை வரைக்கும் இறங்கும்.

எனக்கே ஒரு முறை நடந்தது, முழுதாக இல்லை, பாதி. பழைய கார், நான் வாங்கிய பிறகு பிரேக் ஆயில் மாற்றியதில்லை, முந்தையவர் மாற்றினாரா என்று கேட்கவும் இல்லை. மலை இறக்கத்தில் பாதி வழியில் பெடல் பஞ்சு மாதிரி ஆனது. ஓரம்கட்டி நிறுத்தி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மறுபடி மிதித்துப் பார்த்தால் கல் மாதிரி நிற்கிறது, எதுவுமே நடக்காதது போல! ஆறியதும் ஆவி திரும்பவும் திரவமாகிவிடும், அதனால் அடுத்த நாள் மெக்கானிக்கிடம் காட்டினால் அவர் மிதித்துப் பார்த்துவிட்டு "பிரேக் நல்லாத்தானே இருக்கு" என்பார். என் மெக்கானிக்கும் அதைத்தான் சொன்னார். நான் விடாப்பிடியாக மாற்றச் சொன்னபோது வெளியே வந்தது காய்ச்சிய டிகாஷன் நிறத்தில் இருந்தது.

உங்களுக்கு அப்படி நேர்ந்தால்: பெடலை வேகமாக விட்டு விட்டு மிதியுங்கள், கியரைக் குறைத்து இன்ஜினை வைத்து வேகத்தைக் குறையுங்கள், ஹேண்ட் பிரேக்கை ஒரே இழுப்பாக இழுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். நின்ற பிறகு நன்றாக ஆறவிட்டு, அங்கிருந்து மெதுவாக, கீழ் கியரிலேயே இறங்குங்கள்.

எதை வாங்குவது

டப்பாவின் மூடியைப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் மூடியிலேயே டாட் 3 அல்லது டாட் 4 என்று அச்சிட்டிருக்கும். காரோடு வந்த கையேட்டிலும் இருக்கும். இரண்டும் ஒன்று சொன்னால் வேலை முடிந்தது, அதையே வாங்குங்கள். மற்றதெல்லாம் ஏன் என்று தெரிந்துகொள்வதற்காக.

டாட் என்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் ஆங்கிலப் பெயரின் சுருக்கம். அவர்கள் வகுத்த தரத்தில் ஒவ்வொரு வகைக்கும் இரண்டு கொதிநிலை உண்டு: சீல் உடைத்த புதிய ஆயிலுக்கு ஒன்று, ஏறக்குறைய 3.7 சதவீதம் தண்ணீர் ஏறிய ஆயிலுக்கு ஒன்று. டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் தாங்க வேண்டும், ஈரம் ஏறினால் 140. டாட் 4-க்கு 230, 155. டாட் 5.1-க்கு 260, 180. இதெல்லாம் குறைந்தபட்சம்தான், நல்ல தயாரிப்புகள் இதற்கு மேலேயே இருக்கும், பாட்டிலின் பின்பக்கம் இரண்டு எண்ணும் போட்டிருப்பார்கள். கடையில் நின்று ஒப்பிடும்போது பெரிய எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். ஊற்றிய அன்றிலிருந்து நீங்கள் மெல்ல மெல்லப் போய்ச் சேரும் எண் இரண்டாவதுதான், ஒப்பிட வேண்டியதும் அதைத்தான்.

பெயரில் ஒரு பெரிய குழப்பம் உண்டு. டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் ஒரே குடும்பம், ஒன்றோடொன்று கலந்தாலும் கெடுதல் இல்லை. ஆனால் டாட் 5 இருக்கிறதே, அது முற்றிலும் வேறு. சிலிகான். ஊதா நிறத்தில் இருக்கும், மற்றவற்றோடு சேராது. அமெரிக்க ராணுவ வாகனங்களிலும், வருடக்கணக்கில் நிறுத்திவைக்கும் சில பழங்கால கார்களிலும் பயன்படுத்துகிறார்கள். ஈரத்தை இழுக்காது என்பது கேட்க நன்றாக இருந்தாலும், எப்படியோ உள்ளே வந்த தண்ணீர் அதில் கரையாமல் தனித் துளியாகத் தாழ்வான இடத்தில் போய்த் தங்கிவிடும், அங்கேயே துருப்பிடிக்கும், 100 டிகிரியிலேயே கொதிக்கும். நுண்ணிய காற்றுக் குமிழ்களையும் எளிதில் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால் ஏபிஎஸ் உள்ள காருக்கு ஒத்துவராது. 5 என்ற எண்ணையும் 5.1 என்ற எண்ணையும் இவ்வளவு பக்கத்தில் வைத்தவர்களை என்ன சொல்வது என்று தெரியவில்லை. கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான்" என்றால் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

டாட் 3 போட்ட காரில் டாட் 4 ஊற்றலாமா? ஊற்றலாம், பொதுவாகப் பிரச்சினை வராது. டாட் 4 கேட்கும் காரில் டாட் 3 ஊற்றக்கூடாது. உயர்ந்த எண் போட்டால் அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை என்ற நினைப்பும் தவறு, டாட் 4 ஒன்றும் ஈரத்தை இழுக்காத பொருள் இல்லை. கலப்பது பற்றி இன்னொன்று: கெடுதல் இல்லை என்றால் லாபம் என்று அர்த்தமில்லை. பழைய டாட் 3-ல் கால் பங்கு டாட் 5.1 ஊற்றினால் கிடைப்பது டாட் 5.1 இல்லை, கொஞ்சம் மேம்பட்ட பழைய ஆயில், அவ்வளவுதான்.

சில புதிய கார்களில் மூடியில் டாட் 4-ஓடு கூடவே ‘எல்வி’ அல்லது ‘கிளாஸ் 6’ என்று போட்டிருக்கும். கடும் குளிரிலும் கெட்டியாகாமல் எளிதாக ஓடும் வகை அது. வண்டி சறுக்கும்போது தானாக ஒவ்வொரு சக்கரமாகப் பிடித்து விடும் அமைப்பின் பம்ப், நொடியில் பல முறை ஆயிலைத் தள்ள வேண்டும், கெட்டியான ஆயில் என்றால் அது தாமதமாகும். கழித்தல் 40 டிகிரியில் சாதாரண டாட் 4-ன் பாகுநிலை, அதாவது கெட்டித்தன்மை, நொடிக்கு 1800 சதுர மில்லிமீட்டர் என்ற அளவு வரை இருக்கலாம், கிளாஸ் 6-ல் 750-ஐத் தாண்டக்கூடாது. வித்தியாசம் சின்னதில்லை, அதனால் உங்கள் கார் எல்வி கேட்டால் எல்வியே ஊற்றுங்கள்.

பந்தயக் கார்களுக்கென்று 300 டிகிரிக்கு மேல் தாங்கும் ஆயில்கள் கிடைக்கும். அவற்றை ஊற்றுபவர்கள் அடிக்கடி மாற்றிக்கொண்டே இருப்பவர்கள். தினசரி வேலைக்குப் போகும் காருக்குத் தேவையே இல்லை.

பாட்டில் வாங்கும்போது சீல் உடையாததா, தயாரித்த தேதி அருகில் இருக்கிறதா என்று பாருங்கள். முழுவதும் மாற்ற ஒரு லிட்டர் போதும், லெவல் சரிசெய்ய மட்டும் என்றால் கிடைப்பதிலேயே சின்ன பாட்டில். பெரிய டின்னிலிருந்து அளந்து ஊற்றிக் கொடுப்பது வேண்டாம். போன வருடம் திறந்து, மூடி இறுக்கி வைத்த மிச்சம் இருக்கிறதே என்று எடுத்து ஊற்றாதீர்கள், அது பாட்டிலுக்குள் இருந்தபடியே ஈரம் குடித்திருக்கும்.

லெவல் பார்ப்பது, அது சொல்வதைக் கேட்பது

பானட்டைத் திறந்தால், ஓட்டுநர் பக்கம் கண்ணாடிக்குக் கீழே, பின்சுவரை ஒட்டி ஒரு சின்ன வெளிர்நிறப் பிளாஸ்டிக் டப்பா இருக்கும். பக்கவாட்டில் ‘மேக்ஸ்’, ‘மின்’ என்று இரண்டு கோடு. மூடியைத் திறக்காமல் வெளியிலிருந்தே பாருங்கள், வண்டி சமதளத்தில் நிற்கட்டும். மாதம் ஒரு முறை போதும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன், புதிதாகக் கார் வைத்திருப்பவர்கள் தவறுவது இங்கேதான். லெவல் கொஞ்சம் இறங்கியிருந்தால் உடனே ஊற்றி மேக்ஸ் வரைக்கும் ஏற்றிவிடுவார்கள். பிரேக் ஆயில் எரிவதோ தேய்வதோ இல்லை. அது அடைபட்ட ஒரு சுற்று, குறைந்தால் ஒன்று வெளியே போயிருக்கிறது, இல்லை உள்ளேயே வேறு இடத்துக்குப் போயிருக்கிறது. பேட் தேயத் தேயக் கேலிப்பர் பிஸ்டன் முன்னால் நகரும், அதன் பின்னால் உண்டாகும் இடத்தை டப்பாவிலிருந்து வரும் ஆயில் நிரப்பும். மாதக்கணக்கில் மெதுவாக லெவல் இறங்கினால் அதன் அர்த்தம் "பேட் தேய்கிறது, போய்ப் பார்" என்பதுதான். நீங்கள் ஊற்றி நிரப்பினால் அந்தச் செய்தி அழிந்துவிடும். அதோடு, புதிய பேட் போடும்போது பிஸ்டனைப் பின்னால் தள்ளுவார்கள், அப்போது கூடுதலாக ஊற்றியதெல்லாம் டப்பாவிலிருந்து பொங்கி வழியும். வழிந்தது பெயின்ட்டில் பட்டால் தோலை உரிப்பது மாதிரி உரித்துவிடும்.

ஆகவே மின், மேக்ஸ் இரண்டுக்கும் நடுவில் இருந்து, மெதுவாக இறங்குகிறது என்றால் ஊற்றாதீர்கள், பேட்டைப் பாருங்கள். ஒரே வாரத்தில் கண்ணுக்குத் தெரிய இறங்கினால் அது கசிவு. ஒவ்வொரு சக்கரத்தின் உட்பக்கத்தையும், மாஸ்டர் சிலிண்டரின் அடியையும், வண்டிக்குள் பெடலுக்கு மேலேயும் தொட்டுப் பாருங்கள், வழுக்கலாக ஈரம் தெரியும். டிரம் பிரேக் என்றால் கசிவு டிரம்முக்குள்ளேயே ஒளிந்திருக்கும், திறந்தால்தான் தெரியும், அதற்குள் டிரம்மைப் பிடிக்கும் ‘ஷூ’ ஊறிப்போயிருக்கும். பல மேனுவல் கார்களில் கிளட்ச்சும் இதே டப்பாவிலிருந்து குடிப்பதால், பிரேக்கில் எங்கேயும் கசிவு காணாவிட்டால் கிளட்ச் பக்கமும் பாருங்கள்.

வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட சிவப்பு விளக்கு ஒன்று இருக்கிறதல்லவா, ஹேண்ட் பிரேக் போட்டால் எரிவது, பல கார்களில் பிரேக் ஆயில் குறைந்தாலும் அதேதான் எரியும். ஹேண்ட் பிரேக்கை இறக்கிய பிறகும் எரிந்தால், அல்லது திருப்பத்தில் மட்டும் கண் சிமிட்டினால், அது ஆயில் மட்டம். அந்த நேரத்தில் மட்டும், கார் கேட்கும் வகையை வாங்கி மின்னுக்கு மேல் வரும்படி ஊற்றிவிட்டு நேராக மெக்கானிக்கிடம் போகலாம். அதுவும் பெடல் கெட்டியாக இருந்தால்தான். பெடல் இறங்குகிறது என்றால் வண்டியை இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

மாற்றும் நேரம் வந்ததா?

நிறத்தைப் பார்த்துச் சொல்லலாம் என்பார்கள். புதிய ஆயில் தண்ணீர் போலவோ வெளிர் மஞ்சளாகவோ இருக்கும், கறுத்துப் போனால் கட்டாயம் மாற்ற வேண்டியதுதான். ஆனால் வெளிறி இருப்பதால் நல்லது என்று சொல்ல முடியாது, தண்ணீருக்கு நிறமில்லை. அதைவிட, டப்பாவில் இருப்பது கேலிப்பரில் இருப்பதன் மாதிரி கிடையாது. சூட்டையும் அழுக்கையும் அனுபவிப்பது கேலிப்பரில் இருப்பது.

பேனா மாதிரி ஒரு கருவி விற்கிறார்கள், நுனியை ஆயிலில் நனைத்தால் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு எரியும். மின்சாரம் எவ்வளவு கடத்துகிறது என்பதைப் பார்த்துத் தண்ணீரை ஊகிக்கும் கருவி அது. ஆயிலுக்கு ஆயில் சேர்மானம் வேறுபடுவதால் சில நேரம் தவறாகவும் காட்டும். சிவப்பு காட்டினால் நம்பி மாற்றிவிடுங்கள், பச்சை காட்டினால் நம்பி விட்டுவிடாதீர்கள். ஆயிலில் கரைந்திருக்கும் செம்பைக் காட்டும் காகிதப் பட்டைகளும் உண்டு, துருத் தடுப்பு தீர்ந்துவிட்டதா என்பதை அவை சொல்லும். உண்மையான சோதனை, ஆயிலைச் சூடாக்கிக் கொதிநிலையையே அளக்கும் கருவி, அது நல்ல பட்டறைகளில் இருக்கும்.

இவ்வளவு தலைவலி எதற்கு என்று கேட்டால் நான் உங்கள் பக்கம். கையேடு என்ன சொல்கிறதோ அதைச் செய்யுங்கள், பெரும்பாலும் இரண்டு வருடம், சில நிறுவனங்கள் மூன்று. பழைய கார் கைக்கு வந்தால் முதல் வேலையாக மாற்றிவிடுங்கள், விற்றவர் என்ன சொன்னாலும் சரி. மலைப்பாதைப் பயணம் திட்டமிட்டிருந்து, கடைசியாக எப்போது மாற்றியது என்று நினைவில்லை என்றால் புறப்படுவதற்கு முன்பே மாற்றுங்கள்.

நீங்களே மாற்றுவதென்றால்

முதலில் யார் செய்யக்கூடாது என்று சொல்லிவிடுகிறேன். ஹைபிரிட், மின்சாரக் கார், பட்டனில் ஹேண்ட் பிரேக் உள்ள கார் என்றால் கணினியை இணைத்துச் செய்ய வேண்டிய வேலை இருக்கலாம், கையேட்டைப் பார்க்காமல் தொடாதீர்கள், பட்டறைக்கு விடுவதே நல்லது. மற்ற கார்களில்கூட, இதுவரை ஒரு சக்கரம்கூடக் கழற்றாதவர் தொடங்க வேண்டிய இடம் பிரேக் இல்லை. ஒரு தடவை தெரிந்தவர் செய்வதைப் பக்கத்தில் இருந்து பாருங்கள், அப்புறம் செய்யலாம்.

தேவையானவை: சீல் உடையாத ஒரு லிட்டர் ஆயில், நிப்பிளுக்கு, அதாவது ஒவ்வொரு சக்கரத்திலும் ஆயிலை வெளியே விடத் திறக்கும் சின்னத் திருகுக்கு, பொருந்தும் ரிங் ஸ்பேனர் (8, 10, 11 மில்லிமீட்டரில் ஏதோ ஒன்றாக இருக்கும்), அதன் மேல் இறுக்கமாக ஏறும் கண்ணாடி போன்ற டியூப், ஒரு பாட்டில், சிரிஞ்சு, ஜாக்கி, தாங்கு ஸ்டாண்டுகள், கையுறை, கண்ணைக் காக்கும் கண்ணாடி, நிறையத் துணி, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர். கூடவே சொன்ன பேச்சைக் கேட்டு பெடல் மிதிக்க ஒரு ஆள். ஓப்பன் ஸ்பேனர் வேண்டாம், நிப்பிளின் முனை மழுங்கிப் போகும்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, தரையில் இருக்கப்போகும் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுங்கள். தூக்கிய பிறகு ஸ்டாண்டில் இறக்குங்கள், ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கை நீட்டாதீர்கள். டப்பாவைச் சுற்றித் துடைத்துவிட்டு மூடியைத் திறங்கள், திறந்த பிறகு துடைத்தால் தூசி உள்ளேதான் விழும். பழைய ஆயிலைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுங்கள், வாயால் ட்யூப் வைத்து இழுப்பது கூடாது, அது விஷம். அடியில் கொஞ்சம் விட்டுவையுங்கள், முழுக்க வற்றினால் காற்று உள்ளே போய்விடும். பிறகு மேக்ஸ் வரைக்கும் புதியதை ஊற்றுங்கள். இந்த ஒரு காரியத்தை முதலில் செய்தால், அழுக்கு ஆயில் முழுவதையும் குழாய் வழியாகத் தள்ள வேண்டிய வேலை மிச்சம்.

எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பதைக் கையேட்டில் பாருங்கள். எதுவும் சொல்லவில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரத்தில் இருக்கும் பின்சக்கரத்தில் தொடங்கி, கிட்டே இருப்பதில் முடிப்பது வழக்கம். நிப்பிளின் ரப்பர் தொப்பியை எடுத்து, கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, முதலில் ஸ்பேனரை மாட்டி, அதன் மேல் டியூபைச் செருகி, மறுமுனையை பாட்டிலில் இருக்கும் கொஞ்சம் புதிய ஆயிலுக்குள் மூழ்கும்படி விடுங்கள். நிப்பிள் அசையவில்லை என்றால் முரட்டுத்தனம் வேண்டாம், அது உள்ளே துளையுள்ள மெல்லிய திருகு, பட்டென்று ஒடியும். துரு இளக்கும் திரவம் தெளித்து ஒரு நாள் விடுங்கள். அப்படியும் வராவிட்டால் அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் போங்கள்.

இனி ஏர் எடுக்கும் வேலை, அதாவது உள்ளே இருக்கும் காற்றையும் பழைய ஆயிலையும் நிப்பிள் வழியாக வெளியேற்றுவது, இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சு சரியாக இருந்தால் சுலபம். நீங்கள் "மிதி" என்கிறீர்கள், அவர் மெதுவாக மிதித்து "மிதிச்சிட்டேன்" என்று சொல்லி அப்படியே பிடித்துக்கொள்கிறார். நீங்கள் நிப்பிளை அரைச்சுற்று திறக்கிறீர்கள், ஆயில் வருகிறது, பெடல் இறங்குகிறது. நிப்பிளை மூடிவிட்டு "விடு" என்கிறீர்கள். அதன் பிறகுதான் அவர் காலை எடுக்க வேண்டும். நிப்பிள் திறந்திருக்கும்போது காலை எடுத்தால் காற்று உறிஞ்சப்பட்டு உள்ளே போகும், செய்த வேலையெல்லாம் வீண். இது போக, பழைய கார் என்றால் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்துவிடுங்கள், தரை வரைக்கும் மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரின் சீல் வழக்கமாகப் போகாத துருப்பிடித்த பகுதிக்குப் போய்க் கிழிந்துபோகும். கட்டையை வைக்காமல் விட்டு, ஆயில் மாற்றப்போய் மாஸ்டர் சிலிண்டரை மாற்றியவர்கள் உண்டு.

ஐந்தாறு மிதிக்கு ஒரு தடவை எழுந்து போய் டப்பாவைப் பாருங்கள். இதை மறப்பதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் தவறு. மின்னுக்கு வரும் முன்பே ஊற்றுங்கள். டியூபில் வரும் நிறம் வெளுத்து, குமிழ் நின்ற பிறகும் நான்கைந்து மிதி கூடுதலாக எடுத்தால் அந்தச் சக்கரம் முடிந்தது, சுமார் கால் லிட்டர் வந்திருக்கும், முதல் சக்கரத்தில் கூடுதலாகவே வரும். நிப்பிளை அளவாக இறுக்குங்கள், தொப்பியை மாட்டுங்கள், சிந்திய இடத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பெயின்ட்டில் பட்டால் துணியால் தேய்க்காமல் உடனே தண்ணீரை விடுங்கள். கிளட்ச்சும் இதே டப்பா என்றால் அதன் நிப்பிளையும் விட்டுவிடாதீர்கள்.

எல்லாம் முடிந்து டப்பாவை மேக்ஸ் வரைக்கும் நிரப்பி மூடிய பிறகு, வண்டியை நகர்த்தும் முன் பெடலைப் பல முறை மிதித்துப் பாருங்கள், இன்ஜினை ஓடவிட்டும் மிதித்துப் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது பெடல் கொஞ்சம் இறங்கி நிற்பது சாதாரணம். நிற்க வேண்டும், அதுதான் கணக்கு. பஞ்சு மாதிரி அமுங்கி, இரண்டு மூன்று தடவை மிதித்தால் கெட்டியாகிறது என்றால் உள்ளே காற்று இருக்கிறது, மறுபடி ஏர் எடுங்கள். எத்தனை முறை எடுத்தும் போகவில்லை என்றால் காற்று ஏபிஎஸ் யூனிட்டுக்குள் மாட்டியிருக்கலாம், பல கார்களில் அதை வெளியேற்றக் கணினி இணைத்துப் பம்பை ஓட்ட வேண்டும். மிதித்தபடியே வைத்திருக்கும்போது பெடல் மெல்ல மெல்லக் கீழே போகிறது, வெளியே எங்கும் ஈரமும் இல்லை என்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் சீல் போய்விட்டது, அதை ஏர் எடுத்துச் சரிசெய்ய முடியாது. பெடல் திருப்தியாக இருந்தால் ஆளில்லாத இடத்தில் நடக்கும் வேகத்தில் இரண்டு மூன்று முறை நிறுத்திப் பார்த்துவிட்டு ரோட்டுக்குப் போங்கள்.

எடுத்த பழைய ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள், பழைய இன்ஜின் ஆயிலோடும் கலக்காதீர்கள், தனியாகப் பெயர் எழுதிக் கழிவு வாங்கும் பட்டறையில் கொடுங்கள். குடிக்கும் தண்ணீர் பாட்டிலில் மட்டும் ஊற்றி வைத்துவிடாதீர்கள், வீட்டில் குழந்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

டப்பா மேல் ஒரு சின்னப் பட்டை ஒட்டி மாற்றிய மாதமும் வருடமும் எழுதிவையுங்கள். மூன்று நாள் கழித்து, நான்கு நிப்பிளையும் விரலால் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள், காய்ந்திருக்க வேண்டும்.